திரையில் சரி, தாளில் பிழை: எக்செல் வரைபைப் பார்த்தபடியே பிரிண்ட் எடுக்கும் வழி

மாதக் கடைசியில் தேயிலைத் தோட்ட ஆபிஸிலிருந்து போகும் அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) வாரியாகப் பன்னிரண்டு மாதக் கொழுந்து நிரல்களாக நிற்கிறது, அதன் மேல் மழைவீழ்ச்சி ஒரு கோடாக ஓடுகிறது. திரையில் எல்லாம் ஒழுங்கு. தாளிலோ மாதப் பெயர்கள் சாய்ந்து கிடக்கின்றன, ஒன்றுவிட்டு ஒன்று காணாமல் போயிருக்கிறது, இரண்டு டிவிஷன்கள் ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கின்றன, வலப்பக்க ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, ஜூன் மாதத்தைக் காட்ட வேண்டிய அம்புக்குறி ஓகஸ்டைக் காட்டுகிறது. பிரிண்டர் பழுது என்று அதன்மேல் பழியைப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் இவை ஐந்தும் ஐந்து தனித்தனிப் பிழைகள். பெரும்பாலானவை பிரிண்டருக்கு வருமுன்பே ஃபைலுக்குள் இருப்பவை.

காரணம் எளியது. எக்செல் உங்கள் திரையைப் படம்பிடித்து பிரிண்டருக்கு அனுப்புவதில்லை. வரைபை இரண்டு முறை வரைகிறது. திரைக்கு அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற கணக்கில் ஒரு முறை, பிரிண்டருக்கு 600 புள்ளி என்ற கணக்கில் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் எழுத்தின் அகலத்தைப் புதிதாக அளக்கிறது. நீங்கள் 'ஆட்டோ' என்று விட்டு வைத்த ஒவ்வொன்றும், அதாவது எழுத்தின் சாய்வு, அச்சின் உச்ச எண், விளக்கக் குறிப்பு நிற்கும் இடம், எல்லாமே இரண்டாம் முறை மறுபடி தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே தானாக நடக்க விட்டதை நீங்களே கையால் நிலைநிறுத்துவதுதான் இந்த வேலை முழுவதும்.

தமிழில் வரைபின் அச்சும் அச்சுதான், தாளில் அடிப்பதும் அச்சுதான். குழப்பம் வராமலிருக்க, இங்கே அச்சு என்றால் வரைபின் அச்சு மட்டும். மற்றதற்கு பிரிண்ட்.

பிழை ஃபைலிலா, பிரிண்டரிலா?

எதையும் மாற்றுமுன் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

1. வரைபுக்கு வெளியே உள்ள வெறும் கலம் ஒன்றைக் கிளிக் செய்யுங்கள்.
2. கன்ட்ரோலும் பி-யும் அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தெரிவு செய்து பிடிஎஃப் ஒன்றை எடுங்கள்.
3. அந்தப் பிடிஎஃப்பை 100 சதவீதத்தில் திறந்து, பிழையாக வந்த தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிடிஎஃப்பிலும் அதே பிழை இருந்தால் ஃபைலைத் திருத்த வேண்டும். பிடிஎஃப் சரியாகவும் தாள் பிழையாகவும் இருந்தால் பிரிண்டரின் அமைப்பில்தான் கோளாறு: தாளின் அளவு, டோனர் சிக்கனம், கறுப்பு வெள்ளை. மூன்றாவது நிலையும் உண்டு. பிடிஎஃப்பில் பக்கம் பிரியும் இடமே வேறாக இருக்கும். எக்செல் தெரிவாகியிருக்கும் பிரிண்டரை வைத்தே பக்கத்தை அளப்பதால் அப்படி ஆகிறது. அதனால்தான் ஆபிஸ் கம்பியூட்டரில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அறிக்கை, டவுனில் கொமியூனிகேஷன் கடைக் கம்பியூட்டரில் திறந்ததும் இரண்டு பக்கமாகிறது.

இன்னொன்று. திரையில் 80 அல்லது 85 சதவீத ஸூமில் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று முடிவு செய்யாதீர்கள். ஸூம் மாறினாலே வரைபின் எழுத்து மடங்கும் இடம் மாறும். 100 சதவீதத்திலும், 'வியூ' பகுதியில் உள்ள 'பேஜ் லேஅவுட்' காட்சியிலும் பாருங்கள்.

வரைபே வரவில்லை, அல்லது வரைபு மட்டும் வந்தது

இவை சின்னக் காரியங்கள். வரைபைக் கிளிக் செய்த நிலையில் பிரிண்ட் கொடுத்தால், அட்டவணையை விட்டுவிட்டு வரைபை மட்டும் முழுத் தாளுக்கும் ஊதிப் பெருக்கி அடிக்கும். வெறும் கலத்தைக் கிளிக் செய்துவிட்டு மறுபடி கொடுங்கள்.

அட்டவணை வந்து வரைபு இருந்த இடம் வெறுமையாக இருந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். 'பேஜ் செட்டப்' பெட்டியின் 'ஷீட்' தாவலில் 'டிராஃப்ட் குவாலிட்டி' சரி போடப்பட்டிருக்கிறதா? அதை எடுத்துவிடுங்கள். அடுத்து, வரைபின் ஓரத்தில் வலக் கிளிக் செய்து 'ஃபார்மாட் சார்ட் ஏரியா' திறந்து, 'சைஸ் அன்ட் ப்ராபர்ட்டீஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஆப்ஜெக்ட்' சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வரைபின் சட்டம் மட்டும் வந்து உள்ளே நிரல்கள் இல்லையென்றால், தாளில் இடம் மிச்சப்படுத்த யாரோ தரவு நிரைகளை மறைத்திருக்கிறார்கள். மறைந்த நிரைகளை எக்செல் வரைபில் சேர்ப்பதில்லை. 'செலக்ட் டேட்டா' திறந்து, 'ஹிட்டன் அன்ட் எம்ப்டி செல்ஸ்' பொத்தானுக்குள் மறைந்த தரவையும் காட்டும்படி சரி போடுங்கள்.

தாள், ஓரம், சுருக்கம்

இலங்கையில் நாம் வாங்குவது ஏ4 தாள்: 210க்கு 297 மில்லிமீற்றர். ஆனால் கம்பியூட்டரின் பிராந்திய அமைப்போ பிரிண்டரின் டிரைவரோ அமெரிக்காவுக்கு என்று இருந்தால் புதிய ஃபைல்கள் லெட்டர் அளவில் பிறக்கும். அது 216க்கு 279 மில்லிமீற்றர், அதாவது ஏ4ஐ விட 6 மில்லிமீற்றர் அகலம் கூட, 18 மில்லிமீற்றர் உயரம் குறைவு. வலப்பக்கம் வெட்டுப்படுவதற்கும், பிரிண்டர் விளக்குச் சிமிட்டிக்கொண்டு தாள் கேட்டு நிற்பதற்கும் இதுவே வழக்கமான காரணம். தாளின் அளவு ஃபைலில் 'பேஜ் லேஅவுட்' பகுதியின் 'சைஸ்' பட்டியலிலும், விண்டோஸில் அந்தப் பிரிண்டரின் விருப்ப அமைப்பிலும், இரண்டு இடத்திலுமே ஏ4 ஆக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மாற்றி மற்றதை விட்டால் பிழை திரும்பி வரும். ஒரு ஃபைலுக்குள்ளேயே ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி அமைப்பு உண்டு. பன்னிரண்டு ஷீட் இருந்தால், கீழே உள்ள முதல் தாவலைக் கிளிக் செய்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கடைசித் தாவலைக் கிளிக் செய்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றிய கையோடு வேறொரு தாவலைக் கிளிக் செய்து கூட்டைக் கலையுங்கள். கலைக்காமல் ஒரு எண்ணைத் தட்டினால் அது எல்லா ஷீட்டிலும் பதிந்துவிடும்.

எக்செலின் சாதாரண ஓரம் இடமும் வலமும் 1.78 சென்றிமீற்றர். நிமிர்ந்த ஏ4 தாளில் எஞ்சுவது 17.4 சென்றிமீற்றர் அகலம். வரைபை 16.5 சென்றிமீற்றர் அகலத்துக்கு வையுங்கள். தாளைக் கிடையாக வைத்தால் 26 சென்றிமீற்றர் கிடைக்கும். அதில் 25 நல்ல அளவு. சுட்டியால் இழுத்துக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். வரைபைத் தெரிவு செய்து 'ஃபார்மாட்' பகுதியின் வலது ஓரத்தில் உள்ள பெட்டியில் எண்ணாகவே தட்டுங்கள்.

அதிகம் சேதம் செய்வது சுருக்கம். 31 நாள் நிரல்களோடு கூடிய செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள் பதிவேடு) போன்ற அகலமான அட்டவணைக்குக் கீழே வரைபை வைத்துவிட்டு, எல்லாம் ஒரு பக்கத்தில் வரட்டும் என்று 'ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்' கொடுப்பார்கள். எக்செல் அதை, வைத்துக்கொள்வோம், 55 சதவீதத்துக்குச் சுருக்குகிறது. வரைபில் 10 புள்ளியில் (எழுத்தை அளக்கும் 'பொயின்ட்') இருந்த எழுத்து தாளில் 5.5 புள்ளி. ஆங்கில எழுத்தை அந்த அளவிலும் கண்ணைச் சுருக்கிப் படித்துவிடலாம். தமிழில் கொம்பும் சுழியும் கால்களும் ஒன்றோடொன்று ஒட்டி, 'ண'வும் 'ன'வும் தெரியாது. தாளில் தமிழ் 9 புள்ளிக்குக் கீழே போகக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபின் எழுத்து அளவைச் சுருக்கத்தின் சதவீதத்தால் பெருக்கினால் தாளில் வரும் அளவு கிடைக்கும். சதவீதம் 'பேஜ் லேஅவுட்' பகுதியின் 'ஸ்கேல்' பெட்டியில் இருக்கும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: வரைபைத் தரவோடு ஒரே ஷீட்டில் வைக்காதீர்கள். 'பிரிண்ட்' என்ற பெயரில் புது ஷீட் ஒன்றைத் திறந்து, வரைபுகளை மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்து, சுருக்கத்தை 100 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஒரே ஒரு வரைபுதான் என்றால் வரைபின் மேல் வலக் கிளிக் செய்து 'மூவ் சார்ட்', பிறகு 'நியூ ஷீட்' கொடுங்கள். கலங்களே இல்லாத அந்த வரைபுத் தாள் ஒரு பக்கத்தை நிறைத்து வரும். பக்கம் பிரியும் தொல்லையே இல்லை.

கலங்களோடு இழுபடும் வரைபு

வட்ட வரைபு தாளில் முட்டையாகவோ, நிரல்கள் நெருங்கியோ வருகிறதா? வரைபு கலங்களோடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. எக்செல் ஷீட்டில் கலங்கள் அடுக்கிய நிரலின் அகலம் மில்லிமீற்றரில் அளக்கப்படுவதில்லை, அந்த ஃபைலின் அடிப்படை எழுத்துருவில் எத்தனை எழுத்து அடங்கும் என்றே அளக்கப்படுகிறது. கலிப்ரி 11 புள்ளியில் 8.43 எழுத்து என்பது 64 பிக்சல். பிரிண்டருக்கு அளக்கும்போது அந்த அகலம் சற்று மாறும். புதிய எக்செலில் அடிப்படை எழுத்துரு ஆப்டோஸ் நாரோ. அது இல்லாத பழைய கம்பியூட்டரில் திறந்தால் இன்னொரு எழுத்துரு அதன் இடத்தில் வந்து, எல்லா நிரல்களும் விரியும் அல்லது சுருங்கும், வரைபும் கூடவே இழுபடும்.

'ஃபார்மாட் சார்ட் ஏரியா'வில் 'சைஸ் அன்ட் ப்ராபர்ட்டீஸ்' திறந்து, 'டோன்ட் மூவ் ஓர் சைஸ் வித் செல்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு வரைபுக்கும் செய்ய வேண்டும்.

அச்சில் எழுதப்படுவது

மாதப் பெயர்கள் சாய்வதும் மறைவதும் இடப் பற்றாக்குறையால். 16.5 சென்றிமீற்றர் வரைபில் இரண்டு பக்க எண்களும் போக 13.5 சென்றிமீற்றர் எஞ்சும். ஒரு மாதத்துக்கு 11 மில்லிமீற்றர். 'செப்டெம்பர்' 10 புள்ளியில் அதற்குள் அடங்காது. திரையில் மயிரிழையில் அடங்கியிருந்தாலும் பிரிண்டரின் அளவையில் ஒரு மாதம் மீறினால் போதும், எக்செல் பன்னிரண்டையும் சாய்த்துவிடும். தரவிலேயே ஜன, பெப், மார், ஏப், மே, ஜூன், ஜூலை, ஓக, செப், ஒக், நவ, டிச என்று மாற்றுங்கள். பிறகு கிடை அச்சில் வலக் கிளிக், 'ஃபார்மாட் ஆக்சிஸ்', 'லேபிள்ஸ்' பகுதியில் இடைவெளியை 1 என்று தட்டுங்கள். இனி எந்த மாதமும் விடுபடாது. எழுத்தின் கோணத்தையும் 0 என்று நீங்களே தட்டுங்கள். பெட்டியில் ஏற்கெனவே 0 தெரிந்தாலும் மறுபடி தட்டினால்தான் 'ஆட்டோ' நீங்கும்.

நிலைக்குத்து அச்சில் நடப்பது இதைவிடப் பாரதூரமானது, ஏனென்றால் பார்ப்பவருக்குத் தெரியாமலே நடக்கும். அச்சின் உச்ச எண்ணையும் படியையும் எக்செல் வரைபின் உயரத்தையும் எழுத்தின் அளவையும் பார்த்து முடிவு செய்கிறது. தாளில் உயரம் மாறினால் மழை அச்சின் உச்சம் 600 மில்லிமீற்றரிலிருந்து 800க்குப் போகலாம். கோடு முழுவதும் கீழே இறங்கிவிடும். மழை குறைந்த வருடம் போலத் தாள் சொல்லும்.

'பவுண்ட்ஸ்' பெட்டிகளில் எண்களைக் கையால் தட்டுங்கள். கொழுந்துக்கு 0 முதல் 60,000 கிலோ, படி 10,000. மழைக்கு 0 முதல் 600 மில்லிமீற்றர், படி 100. இரண்டும் ஆறு படி என்பதால் ஒரே கிடைக்கோடுகள் இரண்டு அச்சுக்கும் பொருந்தும். பெட்டிக்குப் பக்கத்தில் 'ஆட்டோ' என்று இருந்தது 'ரீசெட்' என்று மாறினால் நிலைத்துவிட்டது என்று அர்த்தம். எல்லா டிவிஷன் வரைபுகளுக்கும் ஒரே உச்சத்தைக் கொடுப்பதும் அவசியம். இல்லாவிட்டால் 20,000 கிலோ எடுத்த டிவிஷனும் 50,000 எடுத்ததும் தாளில் ஒரே உயரத்தில் நிற்கும்; அது கொழுந்து எடுத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இடம் மாறும் அம்புக்குறி

'தென்மேற்குப் பருவமழை' என்று ஒரு பெட்டியும் ஜூனை நோக்கி ஓர் அம்பும் போட்டிருப்பீர்கள். அதை ஷீட்டின் மேல் வரைந்திருந்தால் அதற்கும் வரைபுக்கும் தொடர்பில்லை. இரண்டும் தனித்தனியே அளக்கப்பட்டுத் தனித்தனியே நகரும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து வரைபில் அம்பு இரண்டு மாதம் தள்ளி நின்றால் கணக்கில் பிழை என்பார்கள். 

அந்த வடிவத்தை அழியுங்கள். முதலில் வரைபைக் கிளிக் செய்து, வரைபு தெரிவாகி இருக்கும்போதே 'இன்சர்ட்' பகுதியிலிருந்து அம்பையும் பெட்டியையும் போடுங்கள். இப்போது அவை வரைபின் உறுப்புகள். சோதிப்பதற்கு வரைபை இழுத்துப் பாருங்கள், அம்பும் கூடவே வர வேண்டும்.

பாமினியும் யுனிகோடும்

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள் உண்மையில் ஆங்கில எழுத்துக்களாகவே சேமிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. வரைபு கலத்திலிருந்து எழுத்தை மட்டும் எடுக்கும், எழுத்துருவை எடுக்காது. அதனால் அட்டவணையில் தமிழாக இருப்பது வரைபில் ஆங்கிலக் குப்பையாக வரும். வரைபு முழுவதற்கும் பாமினி கொடுத்தால் தமிழ் வந்துவிடும், ஆனால் ஆங்கிலத்தில் இருந்த அலகும் தோட்டப் பெயரும் தமிழ்க் குப்பையாகும். பாமினி இல்லாத கம்பியூட்டரில் எல்லாமே குலையும்.

மாதப் பெயர்கள், டிவிஷன் பெயர்கள், தலைப்புகள் எல்லாம் சேர்த்தாலும் முப்பது சொல் இருக்காது. அவற்றை யுனிகோடில் (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் முறை) ஒரு முறை தட்டிவிடுங்கள். யுனிகோடாக இருந்தாலும் எழுத்துருவின் பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள். கலிப்ரியில் தமிழ் எழுத்துக்கள் இல்லை, விண்டோஸ் தன் விருப்பத்துக்கு இன்னொன்றைப் போட்டு நிரப்பும். வரைபைத் தெரிவு செய்து நிர்மலா யுஐ கொடுங்கள். விண்டோஸ் 7 இருக்கும் இடத்தில் அது கிடையாது, அங்கே லதா.

நிறம் சாம்பலாகும்போது

தோட்ட ஆபிஸிலும் பாடசாலையிலும் இருப்பது அநேகமாகக் கறுப்பு வெள்ளை லேசர். அது நிறத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்க்கிறது. ஏறத்தாழக் கணக்கு இது: சிவப்பின் எண்ணை 0.299ஆலும், பச்சையை 0.587ஆலும், நீலத்தை 0.114ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 0 கறுப்பு, 255 வெள்ளை.

எக்செல் 2013இல் வந்து பல வருடம் இருந்த இயல்பு நிறங்களை இப்படிக் கணக்கிட்டால் இளநீலம் 142, பச்சை 143, செம்மஞ்சள் 150. கண்ணுக்கு மூன்றும் வேறு வேறு, தாளில் மூன்றும் ஒரே சாம்பல். கடுநீலம் 110, மஞ்சள் 189. இரண்டு நிறத்துக்கு இடையே குறைந்தது 50 வித்தியாசமாவது வேண்டும். மூன்று டிவிஷன் என்றால் 30, 120, 210 என்ற மூன்று சாம்பல்களை நீங்களே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0.75 புள்ளியில் கறுப்புக் கரை போடுங்கள். ஐந்தாறு டிவிஷனை ஒரே வரைபில் சாம்பலால் பிரிக்க முடியாது. இரண்டு வரைபாகப் பிரித்துவிடுங்கள்.

அந்தத் தாள் பிறகு போட்டோ கொப்பி எடுக்கப்படும் என்றால் சாம்பலையும் நம்ப வேண்டாம். கொப்பியில் 120 கறுப்பாகும், 210 வெள்ளையாகும். 'பேட்டர்ன் ஃபில்' கொடுத்து ஒன்று முழுக் கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று அகலச் சாய்கோடு என்று வையுங்கள். பொடிப் புள்ளி வடிவங்கள் தாளில் மறுபடி சாம்பலாகவே தெரியும். கோட்டு வரைபில் ஒன்று முழுக்கோடு, ஒன்று வெட்டுக்கோடு. விளக்கக் குறிப்பை எடுத்துவிட்டு டிவிஷன் பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள்.

பின்னணிக் கிடைக்கோடுகள் தாளில் புள்ளி புள்ளியாக உடைவதும் இதனால்தான். எக்செலின் இயல்புக் கிடைக்கோடு 217 என்ற மிக இளம் சாம்பல். லேசரிடம் சாம்பல் மை இல்லை, கறுப்புப் புள்ளிகளைத் தூரத் தூரத் தூவித்தான் சாம்பலைக் காட்டும். 0.75 பொயின்ட் கோடு என்பது அங்குலத்துக்கு 600 புள்ளி அடிக்கும் பிரிண்டரில் ஆறு கறுப்புப் புள்ளி அகலம். அதற்குள் தூவ இடமில்லை. கோட்டின் நிறத்தை 100 அளவுக்குக் கறுப்பாக்குங்கள். சாயல் மாறும் நிரப்பலையும் ஒளி ஊடுருவும் நிறத்தையும் முழுவதுமாக நீக்குங்கள், பழைய டிரைவர்களில் அவை பட்டை பட்டையாக வரும். ஷீட்டின் பின்னணியாகப் போட்ட படம் பிரிண்டில் வரவே வராது. அதன்மேல் தெரியட்டும் என்று வெள்ளை எழுத்துப் போட்டிருந்தால் அதுவும் வெள்ளைத் தாளில் மறைந்துவிடும்.

எக்செல் இல்லாதவர்களுக்கு

லிப்ரே ஆபிஸ் கல்க்கில் 'ஃபார்மாட்' பட்டியலில் 'பேஜ் ஸ்டைல்' திறந்து 'ஷீட்' தாவலில் 'சார்ட்ஸ்' சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சுருக்கமும் அங்கேதான். கூகுள் ஷீட்ஸில் வரைபின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைக் கிளிக் செய்து வரைபைப் பிடிஎஃப் ஆக இறக்கி, அதையே பிரிண்ட் எடுங்கள்.

டவுனுக்குக் கொண்டுபோகும்போது

பென் டிரைவில் எக்செல் ஃபைலோடு பிடிஎஃப்பையும் போடுங்கள், கடையில் பிடிஎஃப்பை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே இருப்பதால் கடைக் கம்பியூட்டரில் எது இருக்கிறது, இல்லை என்ற கவலை கிடையாது. பிரிண்ட் பெட்டியில் 'ஃபிட்' என்று இருப்பதை 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றச் சொல்ல வேண்டும்.

தாளையும் கவனியுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மிஸ்ட் இறங்கும் நாளில் பிரித்து வைத்த தாள் ஒரே இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத் தாளில் டோனர் சரியாகப் பிடிக்காது. கறுப்பு நிரல்களின் நடுவில் வெளிறிய திட்டுகள் விழும், தாள் சுருளும், விரலால் தேய்த்தால் தூள் வரும். பிரித்த கட்டைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள், இரவில் தட்டில் தாளை விடாதீர்கள். டோனர் சிக்கனத்தையும் வரைபுப் பக்கத்துக்கு மட்டுமாவது நிறுத்துங்கள்.

முதலில் ஒரே ஒரு தாள் அடிக்கச் சொல்லுங்கள். அடிமட்டத்தால் வரைபின் வெளிச்சட்டத்தை அளந்து பாருங்கள். 16.5 சென்றிமீற்றர் கொடுத்தது 16.5 ஆகவே வந்தால் மீதிப் பிரதிகளைச் சொல்லலாம். 16 ஆக வந்தால் 'ஃபிட்' இன்னும் மாறவில்லை.